சமூக சுகாதாரப் பணியாளராகச் சேர்ந்திருக்கிறேன். பயிற்சிக்கும் திறனை வளர்த்துக்கொள்ளவும் நல்ல வழி எது?

எந்தத் திட்டம் என்று கேள்வியில் சொல்லவில்லை. "சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது, வீடு வீடாகப் போகிறேன், கொடுத்த பயிற்சி போதவில்லை" என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் நீங்களும் என்னைப் போல மக்களைத் தேடி மருத்துவத்தில், அதாவது வீட்டுக்கே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் தமிழக அரசுத் திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலராகத்தான் இருக்க வேண்டும். அப்படியே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் தர்மபுரி மாவட்டம். மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்தவள். பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று திட்டத்தைத் தொடங்கினார்கள். அந்த வருடக் கடைசியில் நான் சேர்ந்தேன். அப்போது மாத ஊக்கத்தொகை 4,500 ரூபாய். எனக்குக் கட்சி எதுவும் கிடையாது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் திட்டத்தின் பெயரை எடுத்தாலே சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு.

பயிற்சி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நிறையப் பேர். ரத்த அழுத்தக் கருவியை எப்படிக் கட்டுவது, விரலில் எப்படிக் குத்துவது, 140-க்கு 90 தாண்டினால் என்ன செய்வது, சர்க்கரை 140 தாண்டினால் யாரிடம் அனுப்புவது, எல்லாம் திரையில் ஓடியது. சொல்லிக்கொடுத்தவர் நல்லவர்தான். "கையைக் கழுவச் சொல்லிவிட்டுக் குத்துங்கள்" என்று அவர் சொன்னார். நானும் நோட்டில் எழுதினேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது, அதனால் சொல்லவே இல்லை என்று பழி போட மாட்டேன். ஆனால் மண்டபத்தில் ஒருவர் விரலை ஒருவர் குத்திப் பழகியபோது எல்லாருடைய கையும் சுத்தமாக இருந்தது. அழுக்குக் கையை அங்கே நாங்கள் பார்க்கவே இல்லை.

எங்கள் பக்கம் கரும்பு ஆலைகள் உண்டு. சர்க்கரை ஆலையைச் சொல்லவில்லை, வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளைச் சொல்கிறேன். பொங்கலுக்கு முன் ஆலை ஓடும்போது ஆட்களை வீட்டில் பிடிக்கவே முடியாது. சரி, கொட்டகைக்கே போய்விடலாம் என்று ஒரு காலையில் போனேன். உருண்டை பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "எனக்கும் பாரும்மா" என்று வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஸ்பிரிட் பஞ்சால் விரலைத் துடைத்துவிட்டுக் குத்தினேன். 412.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. அதுவரை 250-க்கு மேல் நான் பார்த்ததில்லை. அவரிடம் மெதுவாகச் சொல்லியிருக்க வேண்டும், நான் கத்திவிட்டேன். கொப்பரையைக் கிளறிக்கொண்டிருந்தவர்கூட ஓடி வந்தார். மகனுக்குப் போன் போட்டு, ஆட்டோ பிடித்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். பெரியவரின் வீட்டம்மா வழி நெடுக அழுதாராம். அங்கே நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்ததில் 108.

அன்றைய கூலி போச்சு. ஆட்டோ காசு போச்சு. என் மானமும் போச்சு. ஒரு மாதத்துக்கு எங்கள் தெருவில் எனக்கு "நானூத்தி பன்னெண்டு" என்றுதான் பெயர். குழந்தைகள்கூடக் கூப்பிட்டன.

எங்கள் கிராம சுகாதார செவிலியர் என்னைத் திட்டவில்லை. மறுநாள் பையை எடுத்துக்கொண்டு என்கூடவே வந்தார். "நீ எப்படிப் பண்ணுவியோ அப்படியே பண்ணும்மா, நான் பேச மாட்டேன்" என்று திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். மூன்று வீடு முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தார். நான் ஸ்பிரிட் காய்வதற்குள் குத்துகிறேன். விரல் நுனியின் நடுவில் குத்துகிறேன், பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ரத்தம் வராவிட்டால் விரலைப் பிழிகிறேன். ரத்தத்தை வைத்துச் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் டப்பாவை மூடாமல் திறந்தே வைத்திருக்கிறேன், ஈரக்காற்று பட்டால் ஸ்ட்ரிப் கெட்டுப்போகும். விரலில் வெல்லமோ மாம்பழமோ ஒட்டியிருந்தால் பஞ்சால் துடைப்பது போதாது, தண்ணீர் விட்டுக் கழுவி, காயவிட்டுத்தான் குத்த வேண்டும். அத்தனையும் என் நோட்டிலேயே இருந்தது! கையில்தான் இல்லை.

அப்புறம் ரத்த அழுத்தம். ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைக்க வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் தரையில் பட வேண்டும், கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும், பேசக் கூடாது. கிராமத்தில் பேசாமல் ஐந்து நிமிடமா? ஒரு அம்மாவுக்குக் கட்டிவிட்டேன், அவர் மருமகளைப் பற்றி ஆரம்பித்தார், 162 காட்டியது. செவிலியர் அவரைப் பேச விடாமல் உட்கார வைத்து மறுபடி பார்த்தார், 138. மருமகளுக்கு இதைச் சொல்லவில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில், உங்கள் துணை சுகாதார நிலையத்துச் செவிலியரையோ இடைநிலை சுகாதாரப் பணியாளரையோ பிடித்துக்கொள்ளுங்கள். "சிஸ்டர், ஒரு நாள் என்கூட வாங்க, நான் பண்றதைப் பாருங்க" என்று கேளுங்கள். வேலைப்பளுவில் முதல் தடவை வர மாட்டார்கள். மறுபடியும் கேளுங்கள். இதற்கு வெட்கப்பட்டால் எனக்கு வந்த மாதிரி பட்டப்பெயர் வரும்.

படிக்க வேண்டும் என்றால், ஆஷா எனப்படும் கிராம சுகாதாரப் பணியாளர்களுக்கான பாடநூல்கள் தேசிய சுகாதார இயக்கத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. என் நாத்தனார் சித்தேரி மலையில் ஆஷாவாக இருக்கிறார். அவர்களுக்கு முதல் ஐந்து தொகுதிக்கே 23 நாள் பயிற்சி, ஆறாவது ஏழாவது தொகுதிக்கு நான்கு சுற்றாக இன்னொரு 20 நாள். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே ஊரில் போய் வேலை செய்துவிட்டு, தடுமாறின இடத்தைக் கேள்வியாகக் கொண்டுவர முடிகிறதே, அதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். பிறந்த குழந்தையின் மூச்சை எண்ண அவர்தான் எனக்குக் காட்டினார். வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும், அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது. இரண்டு மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல் வந்தால் மறுபடி எண்ணிப் பார்த்து, அப்போதும் அப்படியே இருந்தால் உடனே அனுப்ப வேண்டும். நம் வேலையில் இது கேட்கப்படுவதில்லை. ஆனால் வீட்டுக்குப் போனால் யாரும் "சர்க்கரையை மட்டும் பார்" என்று சொல்வதில்லை, குழந்தையையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

"பத்தாவது படித்தவளுக்கு இதெல்லாம் எதற்கு, நர்ஸ் எதற்கு இருக்கிறார்கள்" என்று இங்கே யாராவது எழுதுவார்கள், தெரியும். மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதி 39 கிராமங்களில் அதிகம் படிக்காத பெண்களுக்குத்தான் பச்சைக்குழந்தைப் பராமரிப்பைச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறந்த ஒரு மாதத்துக்குள் நேரும் சாவு 62 சதவீதம் குறைந்தது என்று 1999-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அந்தப் பெண்களையும் பயிற்சி கொடுத்ததோடு விட்டுவிடவில்லை, ஊருக்கே போய் வேலையைப் பார்த்துத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். எங்கள் டாக்டரம்மா ஒரு ஆய்வுக் கூட்டத்தில் சொன்னது இது.

ஆய்வுக் கூட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது. மாதாமாதம் அதற்குப் போக இரண்டு பேருந்து மாற வேண்டும். பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றான பிறகு, நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் எங்கள் தடத்தில் வண்டி நிற்காமல் போவது வழக்கமாகிவிட்டது. கூட ஒரு ஆம்பளை நின்றால் நிற்கும். இதற்காகவே பக்கத்து டீக்கடைத் தம்பியை இரண்டு நிமிடம் எங்களோடு நிற்கச் சொல்லுவோம். அவன் கையைக் காட்டுவான், வண்டி நிற்கும், நாங்கள் ஏறுவோம், அவன் கடைக்குத் திரும்பிவிடுவான். நடத்துநர் முறைப்பார். எல்லா நடத்துநரும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் கூட்டத்துக்குத் தாமதமாகப் போனால் பேச்சு வாங்குவது நாங்கள்தானே.

இன்னொன்று. "சமூக சுகாதார டிப்ளமா" என்று காசு வாங்கிக்கொண்டு சான்றிதழ் தரும் இடங்களுக்குப் போகாதீர்கள். எங்கள் குழுவில் ஒருத்தி குழுக்கடனில் பணம் எடுத்துக் கட்டினாள். சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது, கடன் இன்னும் ஓடுகிறது. ஒரு அதிகாரிகூட அதைக் கேட்டதில்லை. யூடியூபில் ஏழு நாளில் சர்க்கரையை விரட்டுகிறேன் என்பவர்களிடமும் பாடம் கேட்க வேண்டாம். அதைப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்தின இரண்டு பேர் என் பட்டியலிலேயே இருக்கிறார்கள்.

2024-இல் நம் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தது. எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த வாரம் எங்கள் தெருவில் பட்டாசுகூட வெடித்தேன், என் காசில்.

போன தையில் பக்கத்து ஊருக்குப் புதிதாக வந்த பெண்ணை அதே ஆலைக் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். பெரியவர் என்னைப் பார்த்ததுமே, "கையைக் கழுவிட்டு வரவா, நானூத்தி பன்னெண்டு?" என்றார். "வேணாங்க, இன்னிக்கு என் விரல்" என்றேன். ஒரு உருண்டையை நன்றாகப் பிசைந்துவிட்டு, அந்தப் பெண்ணையே குத்தச் சொன்னேன். 347. குழாயடியில் போய்க் கழுவிக் காயவிட்டு வந்து, மறுபடியும் குத்தச் சொன்னேன். 104. அவள் இரண்டு ஸ்ட்ரிப்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த இரண்டு ஸ்ட்ரிப்பும் மருந்துக் கடையில் நான் காசு கொடுத்து வாங்கியவை. திட்டக் கணக்கில் இல்லை. யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்.