ஜிங்க், வைட்டமின் சி, டி சாஷே: வீட்டில் யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

கேள்வி: கொரோனா சமயத்தில் ஆரம்பித்த பழக்கம், எங்கள் வீட்டில் இன்னும் விடவில்லை. மழைக்காலம் வந்தால் எல்லோருக்கும் தினமும் ஒரு வைட்டமின் சி 500, ஒரு ஜிங்க் 50. கணவர் வாரம் ஒரு வைட்டமின் டி சாஷேயைப் பாலில் கலந்து குடிக்கிறார். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. மாமியாருக்கு 68 வயது, சைவம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் தைராய்டுக்கு மாத்திரையும் சாப்பிடுகிறார். 7 வயது மகனுக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது. அவனுக்கும் ஜிங்க் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கிறேன். ஃப்ளூ, கொரோனா மாதிரி வைரஸ் காய்ச்சலில் இவையெல்லாம் உண்மையிலேயே உதவுமா? காய்ச்சல் வந்த பிறகு எதைக் கூட்டிக் கொடுக்க வேண்டும்?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். மகனுக்குக் கொடுக்கும் அரை ஜிங்க் மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். பெரியவர்களுக்கும் தினசரி 50 மி.கி. ஜிங்க் வேண்டாம். கணவர் அடுத்த சாஷேயைப் பிரிக்கும் முன் ரத்தத்தில் வைட்டமின் டி, கால்சியம் இரண்டையும் பார்த்துவிடட்டும். வைட்டமின் சி 500 பெரும்பாலானவர்களுக்குக் கெடுதல் செய்யாது. பெரிதாக நன்மையும் செய்யாது. உங்கள் வீட்டில் சத்துக் குறைவு இருக்க வாய்ப்பு அதிகம் உள்ளவர் மாமியார்தான். அவருக்குத் தேவைப்படக்கூடிய பி12 உங்கள் பட்டியலிலேயே இல்லை.

இந்தச் சத்துகளுக்கும் நோய் எதிர்ப்புக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லவில்லை. நிறையவே உண்டு. மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உள்தோல் ஈரமாகவும் இடைவெளி விடாமலும் இருக்க வைட்டமின் ஏ வேண்டும். வைரஸ் முதலில் மோதுவது அங்கேதான். சில வெள்ளணுக்கள் கேத்தலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் பொருளைத் தயாரிக்க வைட்டமின் டி வேண்டும். ஜிங்க் ரொம்பக் குறைந்தால் நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பி சுருங்கும், அங்கே முதிரும் டி செல்கள் (T cells) என்ற வெள்ளணுக்கள் குறையும். வெள்ளணுக்கள் வைட்டமின் சியை ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு தங்களுக்குள் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. வைரஸை அடையாளம் கண்டதும் அதற்கான செல்கள் ஒன்று பத்தாக, பத்து ஆயிரமாகப் பெருக வேண்டும். அதற்கு ஃபோலேட்டும் பி12உம் இல்லாமல் முடியாது.

செலினியம் என்ற தாதுச்சத்தின் கதை இன்னும் விநோதம். 1990களில் அமெரிக்காவில் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். செலினியம் குறைந்த எலியின் உடம்புக்குள் சாதுவான காக்சாக்கி வைரஸ் ஒன்றைச் செலுத்தினார்கள். அது உள்ளேயே மரபணு மாறி, இதயத்தைத் தாக்கும் வைரஸாகிவிட்டது. அதை எடுத்துச் செலுத்தியபோது, ஊட்டத்தோடு இருந்த எலிகளின் இதயமும் பாதிக்கப்பட்டது.

ஆக, சத்து குறைந்தால் எதிர்ப்பு கெடும் என்பது உறுதி. அதையே திருப்பிப் போட்டு, ‘சத்தைக் கூட்டினால் எதிர்ப்பும் கூடும்’ என்று விற்பதுதான் தவறு. பெட்ரோல் தீர்ந்தால் வண்டி நிற்கும் என்பதற்காக, டேங்க் வழிய ஊற்றினால் வேகமாகவா ஓடும்? ‘இம்யூனிட்டி பூஸ்டர்’ என்ற பேச்சே எனக்கு உடன்பாடில்லை. வைரஸ் காய்ச்சலில் வரும் சூடு, உடம்புவலி, அசதியில் பெரும்பகுதி நம் எதிர்ப்பு சக்தி செய்யும் வேலைதான். கொரோனாவில் ஆக்சிஜன் வைக்கும் நிலைக்குப் போனவர்களின் உயிரைக் காப்பாற்றியது, எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. பிரிட்டனில் 2020ல் நடந்த பெரிய ஆய்வில் அது தெளிவாயிற்று.

இனி உங்கள் மாத்திரைகளுக்கு வருவோம். வைட்டமின் சி மோகத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் முக்கியமானவர் லைனஸ் பாலிங். இரண்டு நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானி என்பதால், 1970ல் அவர் ஜலதோஷத்துக்கு வைட்டமின் சி என்று புத்தகமே எழுதியபோது உலகம் நம்பியது. பிறகு நடந்த ஆய்வுகளையெல்லாம், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் என்ற சர்வதேசக் குழுவினர் சேர்த்துப் பார்த்தார்கள். தினமும் சாப்பிட்டாலும் சாதாரண மக்களுக்குச் சளி பிடிக்கும் எண்ணிக்கை குறையவில்லை. பிடித்த சளி பெரியவர்களுக்குச் சுமார் 8 சதவீதம், குழந்தைகளுக்குச் சுமார் 14 சதவீதம் சீக்கிரம் போனது. ஏழு நாள் சளியில் பெரியவருக்கு மிச்சமாவது அரை நாள். அதுவும் முன்கூட்டியே தினமும் சாப்பிட்டு வந்தவர்களுக்கு. தும்மல் ஆரம்பித்த பிறகு ஓடிப்போய் வாங்கிச் சாப்பிட்டவர்களுக்கு உறுதியான பலன் தெரியவில்லை. மாரத்தான் ஓடுபவர்கள், கடும் குளிரில் பயிற்சி செய்யும் ராணுவ வீரர்கள் போன்றவர்களிடம் மட்டும் சளி பிடிப்பது பாதியாகக் குறைந்தது. உங்கள் வீட்டில் அப்படி யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

கொரோனாவிலும் இதைச் சோதித்தாயிற்று. 2021ல் வெளியான அமெரிக்க ஆய்வில், வீட்டிலிருந்தே சிகிச்சை பெற்ற 214 பேரைப் பிரித்து, சிலருக்குத் தினமும் 8,000 மி.கி. வைட்டமின் சி, சிலருக்கு 50 மி.கி. ஜிங்க், சிலருக்கு இரண்டும், மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும் கொடுத்தார்கள். குணமான வேகத்தில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. நீங்கள் சாப்பிடும் அதே 50 மி.கி. ஜிங்க் என்பதைக் கவனியுங்கள்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி ஒரு நாளைக்கு ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65 மி.கி. வைட்டமின் சி போதும். 100 கிராம் கொய்யாவில் 200 மி.கி.க்கு மேல் இருக்கிறது. பாதிப் பழமே தாராளம். எலுமிச்சை ரசம் வைத்தால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள், கொதிக்கவிட்டால் சத்து போகும். மாத்திரையை இஷ்டத்துக்குக் கூட்டினால் வயிற்றுப்போக்கு வரலாம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் கிராம் கணக்கில் தொடவே கூடாது.

ஜிங்க் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதில்தான் கெடுதல் சத்தமில்லாமல் நடக்கிறது. 2024ல் வந்த காக்ரேன் தொகுப்பின்படி, ஜிங்க் சளியைத் தடுப்பதில்லை அல்லது மிகக் கொஞ்சமே தடுக்கிறது. வந்த சளியை இரண்டு நாள் வரை குறைக்கலாம், ஆனால் அந்த ஆதாரம் பலமானது இல்லை. அந்த ஆய்வுகள் பலவற்றில் கொடுத்தது வாயில் வைத்துச் சப்பும் வில்லை, நாம் தண்ணீரோடு விழுங்கும் மாத்திரை இல்லை. மூக்கில் போடும் ஜிங்க் ஜெல் கூட ஒரு காலத்தில் விற்றார்கள்; வாசனையே தெரியாமல் போகிறது என்று 2009ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது.

பெரியவர்களுக்கு ஜிங்க் உச்சவரம்பு, சாப்பாட்டில் கிடைப்பதையும் சேர்த்து, ஒரு நாளைக்கு 40 மி.கி. உங்கள் மாத்திரை ஒன்றே அதைத் தாண்டுகிறது. மகன் வயதுக்கு அமெரிக்கப் பரிந்துரை 12 மி.கி.தான் உச்சம், நீங்கள் உடைத்துக் கொடுக்கும் பாதி 25. மாதக்கணக்கில் இப்படிப் போனால் குடல் செம்பை உறிஞ்சாமல் விட்டுவிடும். செம்பு குறைந்தால் ரத்தசோகை வரும், வெள்ளணுக்கள் குறையும். எதிர்ப்பு சக்திக்காகச் சாப்பிட்ட மாத்திரையே எதிர்ப்பு செல்களைக் குறைத்துவிடும் என்று அர்த்தம். கால் மரத்துப்போவது, நடை தடுமாறுவதும் உண்டு. மாமியார் போன்றவர்களுக்கு அதைச் சர்க்கரையால் வந்தது என்று நினைத்து விட்டுவிடுவார்கள். மகனுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது டாக்டர் இரண்டு வாரத்துக்கு ஜிங்க் எழுதிக் கொடுத்திருக்கலாம். அது ஆதாரமுள்ள சிகிச்சை, அதற்குக் கால அளவும் உண்டு. அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நம் சாப்பாட்டில் ஜிங்க் இல்லாமல் இல்லை. கொண்டைக்கடலை, எள், முந்திரி, முட்டை, கறி எல்லாவற்றிலும் இருக்கிறது. தானியத்திலும் பருப்பிலும் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் தொல்லை. ஊறவைத்தாலும் முளைகட்டினாலும் மாவைப் புளிக்கவைத்தாலும் ஃபைட்டேட் குறையும். அந்த வகையில் இட்லி நல்ல உணவு.

வைட்டமின் டி விஷயத்தில் ஆராய்ச்சியாளர்களே நம்பிக்கையோடு ஆரம்பித்தவர்கள்தான். 2017ல் 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது மூச்சுப்பாதைத் தொற்று கொஞ்சம் குறைந்தது. ரொம்பக் குறைவாக இருந்தவர்களுக்குத் தினமும் அல்லது வாராவாரம் சின்ன அளவில் கொடுத்ததில் நன்றாகவே குறைந்தது. மொத்தமாக ஒரே தடவையில் கொடுத்ததில் பலன் இல்லை. 2025ல் 46 ஆய்வுகள், 60,000க்கும் மேற்பட்டவர்கள் என்று கணக்குப் பெரிதானபோது அந்தச் சிறு நன்மையும் நிச்சயமில்லை என்றாகிவிட்டது. பிரேசிலில் கொரோனாவுக்கு மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு ஒரேயடியாக 2 லட்சம் ஐ.யூ. (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு) வைட்டமின் டி கொடுத்துப் பார்த்தார்கள், வீடு திரும்பும் நாள் குறையவில்லை.

நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சாஷே பொதுவாக 60,000 ஐ.யூ. குறைபாடு உறுதியானவர்களுக்கு வாரம் ஒன்று வீதம் எட்டு வாரம் கொடுத்து, பிறகு மாதம் ஒன்றாகக் குறைப்பது டாக்டர்களின் வழக்கம். வாரம் 60,000 என்றால் நாளைக்கு எட்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல்; தேவை 600, மேற்பார்வை இல்லாமல் போகக்கூடிய உச்சம் 4,000. எட்டு வாரத்துக்கு எழுதும் மருந்தை ஒரு வருடம் குடித்தால், கொழுப்பில் கரையும் வைட்டமின் ஆகையால் உடம்பிலேயே தங்கும். கணவருக்கு அடிக்கடி தாகம், மலச்சிக்கல், குமட்டல், பசியின்மை, இரவில் பலமுறை சிறுநீர் என்று ஏதாவது இருந்தால் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். கால்சியம் ஏறியிருந்தால் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

வைட்டமின் ஏ பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மூச்சுவழி பரவும் வைரஸ்களில் ஒரு வைட்டமினை மருந்தாகவே கொடுப்பது தட்டம்மைக்குத்தான். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு 2 லட்சம் ஐ.யூ. வீதம் அடுத்தடுத்து இரண்டு நாள் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கண்ணையும் உயிரையும் காக்கும். ஆனால் 2025ல் அமெரிக்காவின் டெக்சாஸில் தட்டம்மை பரவியபோது, பெற்றோர்கள் தாங்களாகவே வைட்டமின் ஏ கொடுத்ததில் சில குழந்தைகளுக்குக் கல்லீரல் பாதித்தது. தடுப்பூசிக்குப் பதில் அது இல்லை. மகன் முருங்கைக்கீரை, கேரட், மாம்பழம், முட்டை என்று சாப்பிட்டால் போதும். சின்னக் குழந்தைகளுக்கு வருடத்துக்கு ஆறு முதல் எட்டு தடவை சளி பிடிப்பது இயல்பு. எடை ஏறி, ஓடியாடி விளையாடினால் அவன் எதிர்ப்பு சக்தியில் குறை தேட வேண்டியதில்லை.

மாமியாரிடம் வருகிறேன். பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையும். சைவம் என்றால் வரவே குறைவு. பி12, ஹீமோகுளோபின், வைட்டமின் டி மூன்றையும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். காய்ச்சல் இருக்கும்போது இரும்புச்சத்துக்கான ஃபெரிட்டின் பார்க்காதீர்கள்; தொற்று வந்தால் உடம்பு இரும்பைப் பதுக்கி வைப்பதால் அது ஏறிக் காட்டும். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம், இரும்பு, ஜிங்க் மாத்திரைகளுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். முடிக்கு என்று பயோட்டின் என்ற பி வைட்டமினைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தைராய்டு ரிப்போர்ட்டே தப்பாக வரலாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மல்டிவிட்டமின் பலவற்றிலும் பயோட்டின் உண்டு, பரிசோதனைக்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஃப்ளூவிலிருந்து அவரைக் காக்க நான் ஒன்றுக்கு மட்டும் செலவு செய்யச் சொன்னால், வருடா வருடம் போடும் ஃப்ளூ தடுப்பூசிக்குத்தான். ஐப்பசி அடைமழைக்கு முன்பே போட்டுவிட்டால் நல்லது. நிமோனியாவை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவுக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசியைப் பற்றியும் அப்போதே கேளுங்கள்.

காய்ச்சல் வந்த பிறகு எந்த வைட்டமினையும் கூட்ட வேண்டாம். சாப்பாடு இறங்காத அந்த இரண்டு மூன்று நாளில் கஞ்சி, பருப்புத் தண்ணீர், மோர், ரசம் சாதம், முட்டை என்று உள்ளே போவதே முக்கியம். காய்ச்சலில் தசையும் கரையும், அதனால் பருப்போ முட்டையோ பாலோ விடாமல் கொடுங்கள். மாமியார் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். வாந்தி இருந்தால் மெட்ஃபார்மினைத் தொடரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பெரியவர்களுக்கு மூச்சு வாங்கினால், ஆக்சிஜன் 94க்குக் கீழே போனால், நெஞ்சு வலித்தால், பேச்சு குழம்பினால், இறங்கிய காய்ச்சல் திரும்ப ஏறினால் உடனே ஆஸ்பத்திரி. பையனுக்கு மூச்சு விடும்போது விலா உள்வாங்கினால், தண்ணீர் குடிக்க மறுத்தால், எழுப்பினாலும் சோர்ந்தே கிடந்தால் ராத்திரி என்றாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.