மதிலில் எத்தனை சாரம்?

வணக்கம் ஐயா,

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைக் கடல் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் வளர்ந்தது டொரன்டோவில். எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நீச்சல் கழகம் இருந்தது. கோடை முழுக்க நானும் தங்கையும் அங்கேதான். அதை மூடிவிட்டார்கள் என்று போன மாதம் அறிந்து மனம் சரியில்லை. அம்மாவிடம் சொன்னால், "தொட்டித் தண்ணிக்கு இவ்வளவு கவலையோ, கடலடியில பிறந்திருக்க வேணும்" என்று சிரிக்கிறா. உங்கள் ஊரில் அப்படி ஒரு கழகம் இருந்ததா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

இருந்தது. தொட்டிதான் இல்லை.

கடற்கரை ஒழுங்கை முடிகிற இடத்தில் ஓடு போட்ட ஒற்றை அறை. வாசிகசாலை என்போம். ஈழநாடும் வீரகேசரியும் வரும். தாள் தாளாகப் பிரித்து நாலு பேர் ஒரே நேரத்தில் வாசிப்பார்கள். மூலை உடைந்த கரம்போட் ஒன்று. சந்தாக் கொப்பி ஒன்று, அதில் என் பெயருக்கு நேரே எப்போதும் பாக்கி. வாடைக்காற்றுக்குக் கடல் கொந்தளிக்கும், யாரும் இறங்குவதில்லை. சோழகம் என்ற தென்மேற்குக் காற்றுப் பிறந்தால் எங்கள் கரை குளம் மாதிரிக் கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் சாரத்தை மடித்து வாசிகசாலை அரைமதிலில் வைத்துவிட்டுக் குதிப்போம். (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: சாரம் என்றால் கைலி.)

வாசலில் ஒரு பெரியவர் பேப்பரோடு இருப்பார். எங்களைப் பார்க்கிறார் என்றே தெரியாது. பொழுதுபட்டதும் மதிலில் மிச்சமிருக்கும் சாரத்தை எண்ணுவார், பிறகு தண்ணீரில் தலையை எண்ணுவார். ஒருநாள் சாரம் ஐந்து, தலை நாலு. ஐந்தாவது, பச்சைக் கோடு போட்டது, என் கூட்டாளியுடையது. பெரியவர் வேட்டியோடு இறங்கிவிட்டார். கரையில் இழுத்திருந்த வள்ளத்தைத் தள்ளினார்கள். முருகைக்கல்லில் கால் கிழியக் கிழிய நாங்கள் தேடுகிறோம். அவனோ பசி தாங்காமல் ஈரக் காற்சட்டையோடு வீட்டுக்கு ஓடிப் புட்டுத் தின்றுகொண்டிருந்தான். அன்றைக்கு அவனுக்கு விழுந்த அடியில் எங்களுக்கும் பங்கு கிடைத்தது.

எங்களுக்கெல்லாம் ஒரே கனவுதான். 1954இல் தொண்டைமானாறு நவரத்தினசாமி பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் எங்கள் ஊர் ஆனந்தன் தமிழ்நாட்டுக் கோடியக்கரைக்குப் போய்த் திரும்பியும் நீந்தியே வந்தார், 51 மணி நேரம். அதன் பிறகு ஊரில் எந்தப் பொடியனைக் கேட்டாலும் கோடியக்கரைதான். ஆழிக்குமரன் என்ற பெயர் அவருக்குச் சும்மா வரவில்லை. 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும்போது இறந்தார். அந்தச் செய்தியையும் அதே வாசிகசாலையில் தாள் பிரித்துத்தான் வாசித்தோம். கொஞ்சக் காலத்தில் கடற்படைக் கெடுபிடி வந்து கரையில் இறங்கவே பயமாகிவிட்டது. மதிலில் சாரம் வைக்க ஆளில்லை. இன்று ரேவடிக் கரையில் ஆனந்தன் பெயரில் ஒரு நீச்சல் தடாகம் இருக்கிறது. கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொட்டியோ என்று நானும் முதலில் அம்மா மாதிரித்தான் சிரித்தேன்.

பிறகுதான் அக்காவின் நினைவு வந்தது. எங்கள் வீட்டிலிருந்து கடல் நூறு யார் இருக்காது. இரவில் அலைச் சத்தத்தில்தான் அவ படுத்தெழும்பினா. ஆனால் அந்த மதிலில் பொம்பிளைப் பிள்ளையின் துவாய் ஒன்றை நான் கண்டதில்லை. அக்காவுக்கு இன்றைக்கும் நீந்தத் தெரியாது. உங்கள் தங்கை தொட்டியில் நீந்தியிருக்கிறா.

அம்மாவிடம் நான் கேட்டதாகக் கேளுங்கள்: அவ எந்தக் கடலில் நீந்தினவ?