இழந்த விரலுக்கு இயந்திர விரல்: முன்பணம் கொடுப்பதற்கு முன்

கேள்வி: என் கணவர் ஓசூரில் பவர் பிரஸ் இயந்திரத்தில் வேலை செய்தவர். எட்டு மாதங்களுக்கு முன் நடந்த விபத்தில் அவருடைய வலது கையில் ஆள்காட்டி விரல் நடுக்கணுவிலும், நடுவிரல் அடியோடும் துண்டாகிவிட்டன. மோதிர விரலும் சுண்டு விரலும் இருந்தும் முழுதாக மடங்கவில்லை. ‘நரம்போடு இணைத்து, நிஜ விரல் போலவே மடங்கும் ரோபோ கை’ என்று ஒருவர் மாதிரி ஒன்றை இயக்கிக் காட்டி இரண்டரை லட்சம் ரூபாய் கேட்கிறார். 50,000 முன்பணம் தர வேண்டுமாம். வாங்கலாமா? – வாசகி, பர்கூர்.

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். இரண்டு விரல்களும் வெவ்வேறு மட்டத்தில் துண்டாகியிருப்பதால் இரண்டுக்கும் ஒரே பதில் கிடையாது. ஒரே கருவியால் இரண்டையும் சரிசெய்து தருவதாகச் சொல்பவர் உங்கள் கணவரின் கையைச் சரியாகப் பார்க்கவே இல்லை. வரவிருக்கும் இழப்பீட்டுத் தொகையை மட்டும் நன்றாகப் பார்த்திருக்கிறார்.

விரல்களை மடக்கி இறுகப் பிடிக்கும் பெரிய தசைகள் விரலுக்குள் இல்லை. உங்கள் கணவரின் இடது முன்கையை முழங்கைக்குச் சற்றுக் கீழே நீங்கள் பிடித்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கச் சொன்னால், உங்கள் உள்ளங்கைக்கு அடியில் தசை உருள்வது தெரியும். அங்கிருந்து கிளம்பும் கயிறு போன்ற தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்களுக்குள் நுழைகின்றன. கட்டைவிரல் நீங்கலாக ஒவ்வொரு விரலுக்கும் இப்படி மடக்கும் நாண்கள் இரண்டு உண்டு. ஒன்று நடுக்கணு எலும்பில் முடிகிறது. முடியுமுன் இரண்டாகப் பிரிந்து, மற்றது தன் நடுவே புகுந்து நுனிக்கணு வரை செல்ல வழிவிடுகிறது. தூண்டில் கோலில் உள்ள வளையங்கள் தூண்டில் நூலைக் கோலோடு ஒட்டிப் பிடித்திருப்பதைப் போல, எலும்பை ஒட்டிய நார் வளையங்கள் இந்த நாண்களை விலகாமல் பிடித்திருக்கின்றன.

தரகர் காட்டிய மாதிரியும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும்: பிளாஸ்டிக் கணுக்கள், உள்ளே நைலான் இழை, மடங்கியதை நிமிர்த்த எலாஸ்டிக். மேசையில் வைத்து இழுத்தால் அது அழகாகவே மடங்கும். ஆனால் இழுத்தது தரகருடைய கை. உங்கள் கணவர் மாட்டிக்கொண்ட பிறகு அந்த இழையை இழுக்கப்போவது எது என்று கேளுங்கள். பேச்சு உடனே வேறு பக்கம் திரும்பும். தோலுக்கு மேல் மாட்டும் எந்தக் கருவியும் உள்ளிருக்கும் நரம்போடோ தசைநாணோடோ இணைவதில்லை.

இந்த வகைக் கையின் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். தென்னாப்பிரிக்கத் தச்சர் ரிச்சர்ட் வான் ஆஸ் 2011-இல் ரம்பத்தில் விரல்களை இழந்தார். அமெரிக்காவைச் சேர்ந்த ஐவன் ஓவனோடு சேர்ந்து இயந்திர விரல்களை உருவாக்கத் தொடங்கினார். அந்த முயற்சியில் பிறந்த, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்யக்கூடிய கையின் வடிவமைப்பை 2013-இல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வெளியிட்டார்கள். விரல்களே இல்லாமல் உள்ளங்கையும் மணிக்கட்டும் மட்டும் உள்ளவர்களுக்கானது அது. மணிக்கட்டை மடக்கினால் எல்லா விரல்களும் ஒன்றாக மூடிக்கொள்ளும். உங்கள் கணவருக்கோ கட்டைவிரலும் கடைசி இரண்டு விரல்களும் உணர்ச்சியோடு இருக்கின்றன. அவற்றின் மேல் பிளாஸ்டிக் கூட்டை மாட்டினால் இருக்கும் பிடியும் போய்விடும். இலவசமாகக் கிடைக்கும் வரைபடத்தை அச்சிட்டு லட்சக்கணக்கில் விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்கள் பயன்படுத்தும் மலிவான பிளாஸ்டிக், சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் கிடந்தால் வளைந்துவிடும்.

ஆள்காட்டி விரலுக்கு மட்டும் நியாயமான வழி ஒன்று இருக்கிறது. அதில் முதல் கணுவும், அதையடுத்த மூட்டும் தப்பியிருக்கின்றன. அந்த மூட்டு தானாக நன்கு மடங்குமானால், மிச்சமிருக்கும் விரலில் ஒரு வளையத்தைப் பொருத்தி, உறுதியான சிறு இணைப்புத் தண்டுகள் வழியாக செயற்கை நுனியை மடக்கலாம். இதற்கு மோட்டாரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். இழுபட்டு நீளும் இழையும் இல்லை. அடியோடு போன நடுவிரலில் இயக்குவதற்கு மூட்டே மிஞ்சவில்லை என்பதால் அதற்கு இந்த முறை உதவாது.

எதையும் வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியது மடங்காத அந்த இரண்டு விரல்களைத்தான். நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் ஆகியவற்றின் நுனியை மடக்கும் நாண்கள் பெரும்பாலும் ஒரே தசைத் தொகுதியிலிருந்து வருகின்றன. அறுந்த நடுவிரலின் நாண் தழும்பில் ஒட்டிக்கொண்டாலோ, எலும்பு முனையின் மேல் இழுத்துத் தைக்கப்பட்டிருந்தாலோ, அது நகராமல் பக்கத்து விரல்களையும் முழுதாக மடங்கவிடாது. மூட்டு விறைப்பும் காரணமாக இருக்கலாம். இவற்றில் எது என்று பிரித்தறிய வேண்டியவர் கை அறுவைச் சிகிச்சை நிபுணர். நாணை விடுவித்து, முறையான பயிற்சியும் தந்தால் கிடைக்கக்கூடிய பிடி எந்த ரோபோ கையாலும் கிடைக்காது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இதற்கெனத் தனிப் பிரிவு உண்டு. உங்களுக்கு இன்னும் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி. இருக்கிறது, 1940-களின் இறுதியில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளுக்குத் தசைநாண் மாற்று அறுவை செய்யத் தொடங்கிய இடம் அது. பிரஸ் ஷாப்புகள் இத்தனை இருக்கும் ஓசூரிலிருந்து இதற்காகத் தொழிலாளர்கள் பேருந்து பிடித்து அலைய வேண்டியிருப்பதை எந்த அதிகாரியும் ஒரு குறையாக நினைப்பதில்லை.

ரப்பர் போன்ற சிலிக்கோன் விரல்கள் பார்வைக்கு மட்டும் பயன்படுபவை என்று எல்லோரிடமும் சொல்வேன். அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. மிச்சமிருக்கும் விரல் முனையில் துணி பட்டாலே சுரீர் என்று வலிக்குமானால், இறுக்கமான சிலிக்கோன் உறை அந்த முனையைக் காத்து, சீரான அழுத்தத்தால் வலியையும் தணிக்கக்கூடும். அப்போது அந்த விரலைப் பயன்படுத்தும் துணிச்சல் திரும்பும். கட்டைவிரலோடு சேர்த்துக் காகிதத்தைப் பிடிக்கலாம், பேனாவைத் தாங்கலாம். உறை நழுவாமல் நிற்கும் அளவுக்கு விரல் மிஞ்சியிருக்க வேண்டும் என்பதால் இதுவும் ஆள்காட்டி விரலுக்குத்தான். இரவில் கழற்றிக் கழுவ வேண்டும். நிறம் மங்கும்போது மாற்ற வேண்டியும் வரும். சுழலும் இயந்திரத்தின் அருகே கட்டாயம் கழற்றிவிட வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, கணவர் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் இருந்தால் செயற்கை உறுப்புக்கான பரிந்துரையை அங்கே எழுத்து மூலம் கேளுங்கள். வாய்மொழியாக மறுத்தால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இழப்பீட்டு அட்டவணையில் நடுவிரல் முழுவதற்கும் 12 விழுக்காடு வருவாய்த்திறன் இழப்பு. ஆள்காட்டி விரலில் இரண்டு கணுக்களுக்கு 11, ஒரு கணுவுக்கு 9 என்று இருக்கிறது. ஆகவே எந்தக் கணுவில் வெட்டுப்பட்டது என்பதைக் காட்டும் எக்ஸ்ரேயை மருத்துவக் குழுவிடம் மறக்காமல் காட்டுங்கள். மாற்றுத்திறனாளிகள் நலத்துறைச் சலுகைகளுக்கு 40 விழுக்காடு குறைபாடு வேண்டும் என்பதால் இரண்டு விரல் இழந்தவருக்குப் பெரும்பாலும் அங்கே எதுவும் கிடைக்காது. ஒரே கைக்கு இரண்டு அலுவலகங்களில் இரண்டு கணக்கு வைத்திருக்கிறார்கள். இந்தக் குழப்பத்தில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். ‘ஒப்பந்ததாரர் சந்தா கட்டவில்லை, அதனால் உங்களுக்கு ஒன்றும் வராது, கமிஷன் கொடுத்தால் வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேலைக் காயத்துக்கான இ.எஸ்.ஐ. உரிமை, காப்பீட்டுக்கு உட்பட்ட வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே தொடங்குகிறது. முதலாளி சந்தா கட்டாத குற்றம் தொழிலாளியின் தலையில் விழாது.

இவற்றையெல்லாம் முடித்துவிட்டு, ஆள்காட்டி விரலுக்குக் கருவி வாங்கத் தீர்மானித்தால், அளவெடுத்த மாதிரியை அவர் கையில் மாட்டி, ஸ்பேனரைத் திருப்பியும் தண்ணீர் பாட்டிலைத் தூக்கியும் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். ரசீதில் கருவியின் பெயரும் உத்தரவாதக் காலமும் இருக்க வேண்டும். இதற்குள் முன்பணம் கைமாறிவிட்டிருந்தால், அதற்கான சான்றுகளோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுங்கள். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது.