தொண்டைப் புண்ணுக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் கருத்தடை மாத்திரை பலிக்காதா?

கேள்வி: தொண்டைப் புண்ணுக்கு அமாக்சிசிலின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தினமும் கருத்தடை மாத்திரை போடுகிறேன். இரண்டும் சேர்ந்தால் கருத்தடை மாத்திரை வேலை செய்யாது என்கிறார்களே, என்ன செய்ய?

பதில்: பயப்படாமல் இரண்டையும் போடுங்கள். அமாக்சிசிலின், அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின், மெட்ரோனிடசோல் என்று சாதாரணமாக எழுதிக் கொடுக்கிற எதுவும் கருத்தடை மாத்திரையைக் கெடுப்பதில்லை. வீட்டில் யாரோ கிளப்பிவிட்டிருப்பார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது.

எங்களுக்குப் பாம்பன் பக்கம். நான் கடலில் பாசி எடுக்கப் போகிறவள். பாசி எடுக்கிறவளுக்கு மருந்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்க வருகிறவர்கள் முழுதும் படித்துவிட்டுக் கேளுங்கள், நான் டாக்டர் என்று எங்கேயும் சொல்லவில்லை. விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டு முங்கினாலும் பாறை கிழிக்கத்தான் செய்யும். ஒருமுறை குதிகாலில் கிழித்தது சீழ் வைத்துவிட்டது, காலை ஊன்ற முடியவில்லை. (வைத்தியச் செலவு நம்முடையது. கரையில் பாசியை எடை போடும்போது ஈரம், மண் என்று கழித்துக்கொள்வது வியாபாரி. மரிக்கொழுந்துப் பாசியை நாள் முழுக்கக் காயவைத்துக் கொண்டுபோனாலும் ஈரம் என்பார்கள். அதைக் கேட்க ஆள் கிடையாது.)

அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த பெரிய மாத்திரை கொடுத்தார்கள். அப்போது நான் நர்ஸம்மா தருகிற மாலா-என் கருத்தடை மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். நாத்தனார் பார்த்துவிட்டு, "மதினி, இதத் தின்னா அது பலிக்காது, மூணாவது வந்துரும் பாத்துக்க" என்றாள். அது மீன்பிடித் தடைக்காலம் வேறு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, வீட்டுக்காரர் கரையில்தான். சிரிக்காதீர்கள்.

மறுநாளே நொண்டிக்கொண்டு நர்ஸம்மாவிடம் போனேன். அவர்தான் விளக்கினார். டிபிக்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின்தான் நிஜமாகவே இதைச் செய்கிற மருந்து. அது கல்லீரலை முடுக்கிவிடும், கல்லீரல் கருத்தடை மாத்திரையின் ஹார்மோனை வேகமாகச் சிதைத்து வெளியேற்றிவிடும். 1970களில் டிபி மருந்து சாப்பிட்ட பெண்களுக்கு மாத்திரை போட்டும் கரு தங்கியதைக் கவனித்தார்கள். அதிலிருந்துதான் மற்ற ஆன்டிபயாடிக்குகளுக்கும் சேர்த்துக் கெட்ட பெயர்.

ஆனால் வயிற்றைக் கவனிக்கச் சொன்னார். எனக்குக் கொடுத்த மாத்திரை சிலருக்கு வயிற்றுப்போக்கைக் கொடுக்கும். கருத்தடை மாத்திரை போட்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். வாந்தியோ பேதியோ கடுமையாக ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் மாத்திரையைத் தவறவிட்ட கணக்குதான். குணமான பிறகு தொடர்ந்து ஏழு நாள் மாத்திரை போடும் வரை ஆணுறை வேண்டும். அப்புறம், மாலா-என் அட்டையில் கடைசி ஏழும் இரும்புச் சத்து மாத்திரை. இரும்பு, டாக்சிசைக்ளினையும் சிப்ரோஃப்ளாக்சசினையும் உடம்பில் சரியாகச் சேர விடாது. அதனால் அந்த மருந்துகளோடு ஒரே நேரத்தில் விழுங்காமல், சில மணி நேரம் தள்ளிப் போட வேண்டும்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்ததால்தான் அக்கா தப்பித்தாள். அவளை ராமநாதபுரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. நுரையீரலில் டிபி வந்து, தினமும் மாத்திரை, ஆறு மாதம். இலவசமாகத்தான் கொடுத்தார்கள், நோயும் குணமானது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆரம்பத்தில் ஒருநாள் போனில், "ஒண்ணுக்கு சிவப்பாப் போவும்னு சொன்னாங்கடி, ஆனா பாத்தா பயமா இருக்கு" என்றாள். அட்டையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். ரிஃபாம்பிசின். அவளும் மாலா-என்தான் போட்டுக்கொண்டிருந்தாள்! பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைதான்.

டிபி மருந்தை எக்காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாது. மாற்ற வேண்டியது கருத்தடையைத்தான். அக்கா காப்பர்-டி போட்டுக்கொண்டாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற அந்தரா ஊசியையும் ரிஃபாம்பிசின் கெடுக்காது. டிபி மருந்து முடிந்த பிறகும் நான்கு வாரத்துக்குக் கருத்தடை மாத்திரையை நம்பக் கூடாது. டிபி வந்தவர் வீட்டில் மற்றவர்களுக்கு வாரம் ஒருமுறை தடுப்பு மாத்திரை கொடுப்பதுண்டு. அதில் இருக்கிற ரிஃபாபென்டினும் இதே வேலையைச் செய்யும். வலிப்புக்குப் போடுகிற ஃபெனிடாயின், கார்பமசெபைனும் அப்படியே. இவை எதுவும் உங்கள் சீட்டில் இல்லையென்றால் கருத்தடை மாத்திரையை வழக்கம்போல் போடுங்கள்.

எனக்கு ஆறாதது ஒன்றுதான். மருந்து கொடுத்த இடத்தில் மச்சான் முகத்தைப் பார்த்தே பேசியிருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவிடம், நீ கருத்தடைக்கு எதுவும் போடுகிறாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளாகச் சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று இங்கே யாராவது வருவார்கள். மச்சானையும் கம்பவுண்டரையும் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வாள்? கூட்டத்தில் அவர்களுக்கு நேரமில்லை என்றும் சொல்வார்கள். சிறுநீர் சிவப்பாகப் போகும் என்று சொல்ல நேரம் இருந்ததே.