லெக்சரை இரண்டாக வெட்டி நடுவில் சிமுலேஷனை வையுங்கள்

கேள்வி: தருமபுரியில் இறுதியாண்டு எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிறேன். லெக்சரையும் சிமுலேஷனையும் எப்படிச் சேர்ப்பது? எதை முன்னால் வைப்பது?

முன்னால் 15 நிமிட லெக்சர், நடுவில் சிமுலேஷன் (நிஜ கேஸ் போல நடித்துச் செய்யும் பயிற்சி), மிச்ச லெக்சர் கடைசியில். லெக்சரை ஒழிக்கச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தை ஏன் உறையவிடாமல் செய்கிறது என்பதை எந்த மேனிக்வினும் (பயிற்சிப் பொம்மையும்) சொல்லித் தராது. ஆனால் அதைக் கேட்டுத் தலையாட்டிய மாணவர், ரத்தம் உறைகிறதா என்று சோதிக்கக் கண்ணாடிக் குழாய்க்குப் பதில் பிளாஸ்டிக் குழாயை எடுப்பார் என்பது லெக்சர் ஹாலில் தெரியாது.

நம் பக்கத்துக்குப் பாம்புக்கடியை எடுங்கள். அரூரிலோ தேன்கனிக்கோட்டையிலோ தனியாக டியூட்டி பார்க்கப் போகிறவர்கள் இவர்கள். முதல் 15 நிமிடத்தில் நான்கு விஷப்பாம்புகள், 20 நிமிட உறைதல் சோதனை, ஏ.எஸ்.வி. (விஷமுறிவு மருந்து) அளவு, அந்த மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் போடும் அட்ரினலின். இவ்வளவு போதும்.

லட்ச ரூபாய் மேனிக்வின் தேவையில்லை. ஒரு மாணவர் நோயாளி, இன்னொருவர் காலில் இறுகக் கட்டிய துணியை அவிழ்க்கச் சொல்லிப் பதறும் உறவினர். சிவப்புச் சாயத் தண்ணீரை இரண்டு குழாயில் வையுங்கள். ஒன்றில் ஜெலட்டின் சேர்த்தால் சாய்த்தாலும் அசையாது (உறைந்த ரத்தம்), மற்றது வழியும் (உறையாத ரத்தம்). மாணவர் 2 மி.லி. ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, நேரம் குறித்து, அசைக்காமல் வைத்தால் மட்டும் "20 நிமிடம் ஆயிற்று" என்று சொல்லி வழிகிற குழாயைக் கொடுங்கள். கண்ணாடிப் பரப்பு பட்டுத்தான் உறைதல் தூண்டப்படுகிறது. பிளாஸ்டிக்கிலோ சோப்பு போட்டுக் கழுவிய குழாயிலோ நல்ல ரத்தமும் உறையாமல் கிடந்து, வேண்டாத ஏ.எஸ்.வி.யை ஏற்ற வைத்துவிடும்.

அடுத்து மருந்து. ஏ.எஸ்.வி. "10 வயல்" (குப்பி) என்று கேஸ் ஷீட்டில் எழுத ஒரு வரி. பொடியாக உள்ள ஒவ்வொரு வயலுக்கும் 10 மி.லி. தண்ணீர் விட்டு, குலுக்காமல் உள்ளங்கையில் உருட்டிக் கரைக்க இரண்டு பேர் வேண்டும். குலுக்கினால் நுரைத்துவிடும். காலாவதியான வயல்களை ஃபார்மஸியில் கேட்டு வாங்கி, "பயிற்சிக்கு மட்டும்" என்று ஒட்டி, எண்ணி எடுத்து எண்ணித் திருப்புங்கள். ஒன்றுகூட வார்டுக்குப் போய்விடக் கூடாது.

டிரிப் ஏறத் தொடங்கியதும் மருந்து ஒவ்வாமல் நோயாளி சொறிய ஆரம்பிக்கட்டும்; பி.பி. 80/50. பெரும்பாலோர் கை முதலில் அவில், ஹைட்ரோகார்டிசோன் என்ற மற்ற ஒவ்வாமை மருந்துகளுக்குத்தான் போகும். டிரிப்பை நிறுத்தி, 1:1000 அட்ரினலின் 0.5 மி.லி. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுகிறார்களா, அதுவும் எத்தனையாவது நிமிடத்தில் என்று குறித்துக்கொள்ளுங்கள். நிலைமை சீரானதும் ஏ.எஸ்.வி.யை மெதுவாகத் திரும்பத் தொடங்குவதைப் பாதிப் பேர் மறப்பார்கள்.

நடிப்பு 12 நிமிடம் என்றால் டிப்ரீஃபிங் (நடந்ததைப் பேசி அலசுவது) 25 நிமிடம். இதைக் குறைத்தால் மொத்தமும் வீண். முதலில் அவர்கள் பேசட்டும், உங்கள் திருத்தம் பிறகு. அவர்கள் தடுமாறிய இடங்கள்தான் கடைசி 10 நிமிட லெக்சர். அதை முன்கூட்டியே ஸ்லைடாகச் செய்து வைக்காதீர்கள்.

100 பேர் இருந்தால் 25 பேராக நான்கு அமர்வு; 5 பேர் செய்ய, 20 பேர் ஆளுக்கொரு அம்சத்தைக் கவனித்துக் குறிக்கட்டும். ஒரே பாடத்துக்கு உங்களுக்கு நான்கு மணி நேரம் போகும். பல இடங்களில் இந்த உழைப்பைக் கணக்கில் எடுப்பதே இல்லை. ஸ்கில்ஸ் லேப் சாவிக்கும் நடையாய் நடக்க வேண்டும். ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் மேனிக்வின் உறை பிரிகிறது. மாணவர் கை படாத பொருளை எதற்கு வாங்க வேண்டும்?

ஒரு வாரம் கழித்து அதே குழுவுக்குக் கட்டுவிரியன் கேஸ்; இதன் விஷம் ரத்தத்தை அல்ல, நரம்பைத் தாக்கும். தரையில் படுத்திருந்தவருக்கு விடியற்காலையில் வயிற்றுவலி, இமை சரிவு; கடிவாய் தெரியவில்லை. இந்த முறை ஜெலட்டின் குழாயைக் கொடுங்கள். ரத்தம் உறைகிறது, விஷம் ஏறவில்லை என்று விட்டுவிடுபவர்கள் இங்கே தெரிவார்கள். ஏ.எஸ்.வி. போட்ட பிறகும் மூச்சு தளரும்படி வைத்து, ஆம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.