கோடாலி பிடிச்ச கரடி – ஒரு வாசகர் கடிதம்

சார், வணக்கம். எங்க அக்கா பையன் ரஷ்யாவுல டாக்டருக்குப் படிக்கிறான். லீவுக்கு வந்தப்போ ஒரு 1000 ரூபிள் நோட்டு காட்டினான். அதுல ஒரு தாடிக்காரர் சிலை, கூடவே கோடாலி வெச்சிருக்கிற கரடி. அவர் பேர் யாரோஸ்லாவாம், கரடியை வெட்டிச் சாய்ச்சுட்டு 1010ல அங்கயே ஊரைக் கட்டி தன் பேரையே வெச்சாராம். நிஜமா சார்? உக்ரைன்காரங்களும் அவரை எங்க ராஜான்னு சொல்றாங்களாமே, அது எப்படி?
– எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

ஆள் நிஜம், ஊர் நிஜம். கரடிதான் இடிக்குது, அந்த 1010உம் கொஞ்சம் இடிக்குது.

யாரோஸ்லாவ்ல்ங்கிற அந்த ஊர் இருக்கிறது வோல்கா ஆத்துல கோட்டோரோஸ்ல்ங்கிற சின்ன ஆறு வந்து சேர்ற முனையில. அங்க முன்னாடி கரடி மூலைன்னு ஒரு குடியிருப்பு இருந்துச்சாம், ஆடு மாடு காக்கிற வோலோஸ் சாமியைக் கும்பிடறவங்க, இளவரசர் வந்து ஞானஸ்நானம் வாங்கிக்கோங்கன்னதும் கூண்டைத் திறந்து ஒரு கொடூர மிருகத்தையும் நாய்களையும் ஏவி விட்டாங்களாம், இவர் கோடாலியால மிருகத்தை முடிச்சாராம், நாய்ங்க ஆட்டுக்குட்டி மாதிரி சும்மா நின்னுச்சாம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தக் கதை எழுத்துல கிடைக்கிறதே 18ஆம் நூற்றாண்டுலதான், எழுநூறு வருஷத்துக்கு மேல கழிச்சு. 1778ல ஊருக்குக் குடுத்த சின்னத்துல கரடி நிக்குது, தங்கக் கோடாலியை அதுவே தூக்கிட்டு! வெட்டுப்பட்டவன் கையிலயே ஆயுதத்தைக் குடுத்த ஊரு வேற எங்கயாவது இருக்கான்னு தெரியல.

1010க்கும் பழைய ஏடு எதுலயும் ஆதாரம் கிடையாது. பக்கத்துல ரோஸ்டோவ்ங்கிற ஊர்ல ஆண்டுட்டிருந்த யாரோஸ்லாவ் அந்தச் சமயத்துல நோவ்கொரோடுங்கிற ஊருக்குப் போயிட்டாரு, அப்போ அதுக்கு முன்னாடி கட்டியிருக்கணும்னு ஒரு கணக்கு. 1024ல பஞ்சத்துல சுஸ்டால் பக்கம் பூசாரிங்க கலகம் பண்ணினப்போ இவரே நேர்ல வந்து அடக்கினாரு, ஊரைக் கட்டினது அப்பதான்னு சொல்ற ஆய்வாளர்களும் இருக்காங்க. 2010ல ஆயிரமாவது ஆண்டு விழாவை ஜாம்ஜாம்னு நடத்தியாச்சு, இனி யாரு மாத்தப் போறா.

ஆனா கீவ் துறவிங்க வருஷ வாரியா எழுதி வெச்ச பழைய ஏட்டுல இந்த ஊர் பேர் முதல்ல வர்றது 1071ல. அந்தப் பக்கத்தைத்தான் நீங்க படிக்கணும். அப்பவும் பஞ்சம். யாரோஸ்லாவ்ல்ல இருந்து ரெண்டு பூசாரிங்க கிளம்பறாங்க, தானியத்தை யார் பதுக்கி வெச்சிருக்கான்னு எங்களுக்குத் தெரியும்னு சொல்லிக்கிட்டு வோல்கா கரையோரமா ஊர் ஊரா போய் வசதியான வீட்டுப் பொம்பளைங்களைக் கைகாட்டறாங்க, இவ தேனைப் பிடிச்சு வெச்சிருக்கா, இவ மீனைப் பிடிச்சு வெச்சிருக்கான்னு. சனங்க அதை நம்பி அம்மாவையும் அக்காவையும் பொண்டாட்டியையும் கொண்டு வந்து நிறுத்தறாங்க. இவங்க தோளுக்குப் பின்னாடி கீறி, உள்ள இருந்து தானியமும் மீனும் எடுக்கிற மாதிரி வித்தை காட்டி அவங்களைக் கொன்னுட்டு சொத்தைச் சுருட்டறாங்க. பெலோஸெரோங்கிற ஊருக்குப் போய்ச் சேர்றப்போ கூட 300 பேர். அங்க வரி வசூலிக்க வந்த யான் விஷாதிச்ங்கிற அதிகாரி, இவனுங்களைப் பிடிச்சுக் குடுக்கலைன்னா வருஷம் பூரா இங்கயேதான் இருப்பேன்னாரு. வரிக்காரன் வருஷம் பூரா வீட்டுல உக்காந்தா யாருக்குத் தாங்கும், உடனே பிடிச்சுக் குடுத்துட்டாங்க. அப்புறம் யான் படகுக்காரங்களைக் கேக்கறாரு, இவங்களால உங்கள்ல யாருக்குச் சாவு நடந்துச்சுன்னு. ஒருத்தன் என் அம்மாங்கிறான், ஒருத்தன் என் அக்காங்கிறான். அவங்க கையிலயே ஒப்படைச்சுட்டாரு. கொன்னு ஓக் மரத்துல தொங்க விட்டாங்க, அடுத்த ராத்திரி ஒரு கரடி மரமேறி வந்து ரெண்டு பேரையும் தின்னுடுச்சு.

ஆக ஏட்டுலயும் கரடி வருது, ஆனா இளவரசர் செத்து 17 வருஷம் கழிச்சு. எனக்குக் கோடாலிக் கதையை விட இதுதான் அந்த ஊரோட நிஜ முதல் பக்கம். நோட்டுல போட முடியாது, அவ்வளவுதான்.

யாரோட ராஜாங்கிற சண்டைக்கு வர்றேன். அவர் ரோஸ்டோவ்ல இருந்தாரு, நோவ்கொரோடுல இருந்தாரு, கடைசியில 1054 வரைக்கும் கீவ்ல ஆண்டாரு. ரஷ்யா, உக்ரைன்னு ரெண்டு தேசம் அப்போ கிடையாது, அதனால ரெண்டு பேருமே உரிமை கொண்டாடலாம், ஒருத்தர் மட்டும் எனக்குத்தான்னா அது அரசியல். உக்ரைனோட பழைய 2 ஹ்ரிவ்னியா நோட்டுலயும் இவர்தான் இருந்தாரு, ஆனா தாடி இல்லாம, அந்தக் காலத்து உக்ரைன் குதிரை வீரங்களான கோசாக்குங்க மாதிரி தொங்கு மீசையோட. ரஷ்ய நோட்டுல இருக்கிற சிலை கையில ஊரோட குட்டி மாடல் ஒண்ணு இருக்கும், ஊர்க்காரங்க கேக் வெச்சிருக்கிற மாமான்னு கிண்டல் பண்ணுவாங்க.

நிஜத்துல அவர் நொண்டி. 1016ல எதிரிப் படைத் தளபதி ஆத்துக்கு அந்தக் கரையில நின்னு, இந்த நொண்டியோட எதுக்குடா வந்தீங்க தச்சனுங்களா, எங்களுக்கு வீடு கட்டவான்னு இவரோட நோவ்கொரோடு ஆளுங்களைச் சீண்டினதா அதே ஏட்டுல இருக்கு. 1939ல கீவ் சோஃபியா தேவாலயத்துல இவரோட கல் சவப்பெட்டியைத் திறந்து எலும்பைப் பாத்தப்போ கால் அடிபட்டிருந்தது உறுதியாச்சு, மண்டை ஓட்டை வெச்சு கெராசிமோவ்ங்கிற சோவியத் ஆய்வாளர் முகமும் செஞ்சாரு. 2009ல மறுபடி திறந்தா அவர் எலும்பே உள்ள இல்ல. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல யாரோ எடுத்துட்டுப் போயிருக்கலாம், நியூயார்க்ல ஒரு சர்ச்ல இருக்கலாம்னு ஒரு பேச்சு ஓடுது.