பேட்மேனின் எதிரி ஜோக்கர் வரும் பழைய காமிக்ஸ் இதழ்களை ஏன் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள்?

மறுபதிப்பில் அதே கதை கிடைக்கும்போது பழைய இதழுக்கு ஏன் இந்த அலைச்சல் என்று கேட்டிருக்கிறீர்கள். கதை மட்டும் போதுமென்றால் மறுபதிப்பே போதும், சரிதான்.

ஆனால் ஜோக்கர் எப்போதும் ஒரே ஆளாக இருந்ததில்லை. 1940இல் பேட்மேன் முதல் இதழில் வந்தவன் ஈவிரக்கமில்லாத கொலைகாரன். அந்த இதழிலேயே செத்துப்போக வேண்டியவன். ஆசிரியர் தலையிட்டதால், உயிர் இருக்கிறது என்று காட்டும் ஒரு படக் கட்டத்தைக் கடைசியில் ஒட்டவைத்தார்கள். அந்த ஒரு கட்டம்தான் அவனுடைய மொத்த ஆயுளும்! 1954இல் அமெரிக்கக் காமிக்ஸுக்குத் தணிக்கை விதிகள் வந்தபின் வெறும் சேட்டைக்காரன் ஆகிவிட்டான். 1973இல், பேட்மேன் 251ஆம் இதழில், எழுத்தாளர் டென்னி ஓ'நீலும் ஓவியர் நீல் ஆடம்ஸும் கொலைகாரனைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இதழ்களை வரிசையாகப் பரப்பி வைத்தால் இந்த மாற்றம் கண்ணெதிரே தெரியும்.

அப்புறம் அந்தத் தாள். பழுப்பேறிய மலிவுக் காகிதம், கிட்டத்தில் பார்த்தால் புள்ளி புள்ளியாகப் பிரியும் வண்ணம், துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்கள், நடுநடுவே அந்தக் காலத்து விளம்பரங்கள்.

முதல் இதழ் எட்டாக்கனி. 1975இல் ஜோக்கர் பெயரிலேயே தொடங்கி 9 இதழ்களோடு நின்றுபோன தொடரிலிருந்து ஆரம்பியுங்கள்.